ரொட்டியின் கருகிய பாதி

அந்தத் திங்கட்கிழமை காலையில் என் மகள் மேனுஷா ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, கருகிய பாதியை என் தட்டில் போட்டுவிட்டு நல்ல பாதியைத் தான் எடுத்துக்கொண்டாள். எங்களுக்குள் அதுதான் வழக்கம். மாரியாயி அண்ணி சுடும் ரொட்டி ஒரு பாதி பொன்னிறமாகவும் மறுபாதி கரியாகவும்தான் வரும். கேட்டால் அடுப்பைக் குறை சொல்வார்.

"செவத்து ஓட்டை வழியா காத்து வருது. நெருப்பு ஒரு பக்கமா சாயுது. நா என்னா செய்ய?"

"அந்த ஓட்டைய அடைச்சிரலாம்ல பெரியம்மா?"

"அடைச்சா பொகை எங்குட்டுப் போகும்? ஒன் வாய்க்குள்ளயா?"

வாசலில் குந்தியிருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அண்ணன் கணபதி சத்தமில்லாமல் சிரித்தார்.

மேனுஷாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது என் மனைவி இறந்துபோனாள். நான் பதுளை பஜாரில் தர்மலிங்கம் முதலாளியின் இரும்புக்கடையில் வேலை. சனிக்கிழமை பின்னேரம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு இறங்கிவிடுவேன். ஆகவே பிள்ளையை வளர்த்தது அண்ணனும் அண்ணியும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் லயத்தில் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிய பன்னிரண்டு ஒற்றை அறை வீடுகள், காம்பராக்கள். என்னுடையது நடுவில், அவர்களுடையது கடைசியில். மேனுஷா எங்கள் காம்பராவில் படிப்பாள், கடைசிக் காம்பராவில் சாப்பிடுவாள்.

அன்று வாயில் ரொட்டியோடு ஒரு பேச்சையும் சேர்த்து மென்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. துஷாந்தி டீச்சர் அவளுக்குக் கொடுத்த தலைப்பு, அமேசன் காட்டுக்குள் வெளியாட்களோடு சேராமல் வாழ்கிற மக்கள்.

"நாம இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியும்பா. தெரிஞ்சுதான் வராம இருக்காங்க" என்றாள்.

"ஏன் வரமாட்டாங்களாம்?"

"முன்னால போனவனெல்லாம் ரப்பர் எடுக்க ஆளுப் புடிக்கப் போனவன். வரலைன்னா சுட்டான். அப்புறம் நம்ம தடிமன் காய்ச்சலெல்லாம் அவங்க ஒடம்பு தாங்காது. ஒருத்தன் தும்முனா ஒரு ஊரே போயிரும்."

"நம்ம ஆளுங்களயும் அப்பிடித்தான் புடிச்சிட்டு வந்தானுங்க. அம்பு விடத்தான் நமக்குத் தோணல" என்றார் அண்ணன்.

"அப்ப எப்பிடித்தான் அவங்ககூடப் பழகுறது?" என்று கேட்டேன்.

"பழகணும்னு யாருப்பா சொன்னா? முன்னாடியெல்லாம் காட்டு ஓரத்துல கயித்தக் கட்டி, கத்தி சட்டியெல்லாம் தொங்க விடுவாங்களாம். வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். புடிச்சா எடுப்பாங்க. சில நேரம் அதே எடத்துல எறகு, அம்பு ஏதாச்சும் வச்சிட்டுப் போவாங்களாம். இப்ப அதுவும் வேணாம்னு, எல்லையப் போட்டு அவங்க பாட்டுக்கு விட்டுர்றாங்க." கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "பிரேசில்ல ஒரே ஒரு ஆளு இருந்தாரு. அவரு சனம் பூராவும் செத்துப்போயி தனியா இருந்தாரு. கிட்டப் போனா அம்பு விடுவாரு. ஆபீசருங்க தூரத்துல கோடாலி, வெதையெல்லாம் வச்சிட்டு வந்துருவாங்க. அவரு செத்த பெறகுதான் கிட்டவே போனாங்களாம்."

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாவமே. அவருக்கு யாரு சோறு வச்சது?"

"அவரே வேட்டையாடித் தின்பாரு பெரியம்மா."

"அது பசிக்கி. நா கேக்குறது செத்ததுக்கு அப்புறம். செத்த சனத்துக்கெல்லாம் அவரு வச்சிருப்பாரு. அவருக்கு யாரு வச்சா?"

மேனுஷா யோசித்தாள். "அது டீச்சர் குடுத்ததுல இல்ல" என்றாள்.

நான் கருகிய பாதியை மென்றபடி பஸ்ஸுக்கு இறங்கினேன்.

வியாழக்கிழமை மலை சரிந்தது. அந்தக் கிழமை முழுக்க மழை. வேலை நாள், நான் பதுளையில் இருந்தேன்; பாதைகளும் அடைபட்டிருந்தன. அண்ணி மத்தியானம் தோட்டத்தின் கீழ் டிவிசன் கடைக்குத் தேங்காய் வாங்கப் போயிருந்தார். என் காம்பராவின் கூரைத்தகரம் ஒழுகுகிறது என்று மேனுஷா வந்து சொல்ல, அண்ணன் அவளோடு போயிருக்கிறார். அண்ணி தேங்காயோடு ஏறி வந்தபோது லயத்தில் மூன்று காம்பராக்கள்தான் மிஞ்சியிருந்தன. கடைசிக் காம்பராவில் அடுப்பு எரிந்தபடி இருந்ததாம்.

மீரியபெத்தயில் மண் சரிந்தபோது நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவர்கள். எங்களுக்கு நடந்ததையும் அப்படி யாரோ பார்த்திருப்பார்கள். ராணுவம் வந்து தோண்டியது. சிலரை எடுத்தார்கள். அண்ணனும் மேனுஷாவும் கிடைக்கவில்லை. மேலும் தோண்டினால் மறுபடி சரியும் என்று நிறுத்தினார்கள்.

உயிர் தப்பியவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அங்கே தினமும் வெளியாட்கள் வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். அரிசி மூட்டையைக் கொடுத்துவிட்டு, கையை எடுக்காமல் படம் பிடிக்கும்வரை நிற்கச் சொன்னார்கள். ஒரு பெண் அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. பிறகு அந்தக் கட்டடம் முழுக்கத் தடிமன் பரவியது. எல்லாரும் இருமிக்கொண்டிருந்த ஒரு காலையில் அண்ணி தன் போர்வையை மடித்து வைத்துவிட்டு மேலே போய்விட்டார். கடைசிக் காம்பராவுக்கே.

அது ஆபத்தான இடம் என்று சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கிராம சேவகர் ஏறிப் போனார். சிங்களப் பெண், எங்களோடு நன்றாகத் தமிழ் பேசுவார். திரும்பி வந்து என்னிடம் நெற்றியைக் காட்டினார்.

"உங்க அண்ணி உருளைக்கிழங்கால எறிஞ்சாங்க. குறி நல்லா இருக்கு."

"மன்னிச்சிருங்க மேடம்."

"கல்லால எறியல்லதானே. பரவாயில்ல." நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஆனா அடுத்த மழைக்கு முந்தி அவங்க இறங்கணும். இல்லாட்டி பொலிஸைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க. எனக்கு அது விருப்பமில்ல."

நானும் போனேன். என்னைக் கண்டதும் அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்று கூப்பிட்டேன். உள்ளே இருந்து ஒரே ஒரு தடவை பேசினார்.

"ஒன் மூஞ்சியப் பாக்க முடியல தம்பி. அவ மூஞ்சி. போயிரு."

அதற்குப் பிறகு ஆள் சத்தம் கேட்டாலே தேயிலைக்குள் இறங்கி மறைந்துவிடுவார். சனம் பல மாதிரிப் பேசியது. பைத்தியம் என்றார்கள், பேய் பிடித்ததென்றார்கள். எனக்கு அந்தப் பிரேசில்காரர்தான் ஞாபகம் வந்தார். செத்த பிறகுதான் கிட்டவே போனார்கள் என்று மேனுஷா சொன்னது மண்டைக்குள் நின்றது. அவளை அறிந்தவர், அவளுடைய சொற்களைக் கேட்டவர் என்று உலகத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அண்ணி. கிராம சேவகரோ பொலிஸோ போய் இழுத்து வருவதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் செத்த பிறகு போய் எடுப்பதையும் முடியவில்லை. மகள் சொன்ன இன்னொரு வழி இருந்தது. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது.

லயத்துக்குப் போகும் வளைவில், ஒரு கொய்யா மரத்தடியில் தட்டையான பாறை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். எறும்பு ஏறாமலிருக்க வாழையிலை விரித்து, கொண்டுபோனதை வைத்தேன். பஜாரில் வாங்கும்போது கை தானாகச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வாங்கிப் போகும் சாமான்களுக்கே போயிருந்தது: கிரீம் பிஸ்கட், வாழைப்பழம், உளுந்து வடை, அண்ணனுக்கு எப்போதும் வாங்கிப் போகும் வெற்றிலையும் புகையிலையும். வெற்றிலையை அண்ணியும் போடுவார், இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வைத்துவிட்டு, பேசாமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு பாறை வெறுமையாக இருந்தது. இலை மட்டும் அழகாக மடித்து, பறக்காமல் கல் வைத்திருந்தது. அந்த இலையை நான் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

என்னை ஏற்றிப் போய்வந்தது றிஸாத்தின் ஆட்டோ. பதுளையில் எங்கள் கடைக்கு முன்னால் நிற்பவன், வாய் ஓயாதவன். கீழ் டிவிசன் பாலத்தில் காத்திருப்பான்.

"எடுத்துட்டாங்க" என்று சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப அடுத்த ஞாயிறு நானும் வந்து ஒரு சலாம் சொல்லவா?"

"உனக்குத் தடிமன். நீ பாலத்தத் தாண்டக் கூடாது."

"இதென்ன அண்ணே, ஏர்போர்ட்டா?" என்றான். என்றாலும் தாண்டவில்லை.

மாசி, பங்குனி, சித்திரை என்று ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒவ்வொரு முறையும் சாமான் போயிருக்கும், இலை மடித்திருக்கும். எனக்குள் ஒரு தைரியம் வந்தது. அண்ணி சாப்பிடுகிறார். கோபம் ஆறும்போது வருவார். கிராம சேவகரிடம்கூடச் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் றிஸாத் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, கோபிக்க வேணாம். போன கிழமை பாலத்துல நிக்கும்போது மேல உங்க அண்ணிய தூரத்துல கண்டேன். ஆள் நடக்கல, சீலைதான் நடக்குது. கிழமைக்கு இவ்வளவு திங்கிற ஆளுக்குக் கொஞ்சமாச்சும் சதை வைக்கணுமே."

அது எனக்குப் பிடிக்கவில்லை. பாலத்தில் இறங்கி மேலே ஏறினேன். வழக்கம்போல இலை விரித்து, வைத்து, இறங்கினேன். பாதி வழியில் தூறல் போட்டது. குடையைப் பாறையில் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது. திரும்பினேன்.

பாறையில் குடை மட்டும் இருந்தது. அதற்கு அப்பால், மண் சரிந்து கிடந்த வெளியில், அண்ணி இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். புல் முளைக்கத் தொடங்கியிருந்த ஓர் இடத்தில் குந்தினார். அது என் காம்பரா இருந்த இடம். பிஸ்கட் பக்கற்றைப் பிரித்து ஒவ்வொன்றாக வைத்தார். சற்றுத் தள்ளி வெற்றிலையை வைத்து, புகையிலையைக் கிள்ளி அதன்மேல் வைத்தார்.

"அப்பா வந்தாரு. ஒனக்குத்தான் கொண்டாந்திருக்காரு" என்றார். குரல் சாதாரணமாக, வீட்டுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. "கிரீம மட்டும் நக்கிட்டு பிஸ்கட்ட வைக்காத. ஏங்க, நீங்களும் சாப்பிடுங்க. வடை இன்னைக்கி நல்லாருக்காம்."

சுற்றிலும் பழைய பக்கற்றுகள் மழையில் வெளுத்துக் கிடந்தன. காக்கைகள் அவரைக் கண்டு பயப்படாமல் நடந்துவந்தன. அண்ணி ஒரு வடையைக்கூட வாயில் வைக்கவில்லை. காக்கைகள் எடுத்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இலையை மடித்தார்.

நான் தேயிலைக்குள் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போதுதான் புரிந்தது. செத்தவர்களுக்குப் பிடித்த சாமான், வாழையிலை, பேச்சில்லை, வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது. எங்கள் ஆட்கள் அதைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்கள்? அமேசனில் அது உயிரோடிருப்பவருக்கு வைக்கும் முறை. எங்களுக்கு அது படையல். நான் கிழமைக்குக் கிழமை என் மகளுக்கும் அண்ணனுக்கும் படைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி அதைப் பொறுப்பாக அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார். பட்டினி கிடக்கும் ஒருவர் தெய்வத்துக்கு வைத்ததைத் தொடாமல் இருப்பதுபோலத் தொடாமல் இருந்திருக்கிறார். கீரையும் மரவள்ளியும் தின்று காலம் தள்ளியிருக்கிறார்.

அவர் ஏன் இறங்கி வரவில்லை என்பதும் தெரிந்தது. அவர் வந்துவிட்டால் அவர்களுக்கு யார் வைப்பது?

அந்தக் கிழமை முழுக்கக் கடையில் ஆணி நிறுக்கும்போதும் அதே யோசனைதான். உயிரோடிருப்பவருக்கு மட்டும் கொடுக்கக்கூடியது என்ன? அரிசி, பருப்பு, சேலை எல்லாவற்றையும் படைக்கலாம். பணத்தைக்கூட வைக்கிறார்கள். புதன்கிழமை காலை தேநீர்க் கடையில் பாண் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தபோது கை நின்றது. வாய் பட்டதை யாரும் படைக்க மாட்டார்கள். எச்சிலை வைப்பது செத்தவரை அவமதிப்பது. பங்கு போட்டுத் தின்பதெல்லாம் உயிரோடிருப்பவர்களோடுதான்.

சனிக்கிழமை பின்னேரம் வாடகை அறையில் நானே மா குழைத்து ரொட்டி சுட்டேன். இரண்டு பக்கமும் கருகியது. ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிறு இலை கொண்டுபோகவில்லை. பாறையில் வைக்கவும் இல்லை. பாறைமேல் நான் உட்கார்ந்தேன். ரொட்டியை இரண்டாகப் பிய்த்தேன். ஒரு பாதியைத் தின்றேன். சத்தம் கேட்கும்படி மென்றேன். மறுபாதியில் ஒரு கடி கடித்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். எழுந்து தேயிலையைப் பார்த்து, சாவு வீட்டில் யாரும் சொல்லாததைச் சொன்னேன்.

"அண்ணி, நா போயிட்டு வாரேன்."

பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு பெட்டி அதே இடத்தில் இருந்தது. திறந்தேன். ரொட்டி இல்லை. கழுவித் துடைத்த பெட்டிக்குள் சவ்சவ் கொழுந்து ஒரு பிடி இருந்தது. லயத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அந்தக் கீரையைப் பதுளைக்குக் கொண்டுபோய்ச் சுண்டித் தின்றேன்.

இன்னும் சில ஞாயிறுகள் அப்படியே போயின. பாதி ரொட்டி போகும், கொய்யாப்பழமோ கீரையோ வரும். ஆனி மாதத்தில் ஒரு நாள் நான் பாறையில் உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தபோது, செடிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது என்னா ரொட்டியா? உப்புமில்ல, ஒறப்புமில்ல."

நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவார் என்று பயம்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் அண்ணி."

"தேங்கா போட்டியா?"

"இல்ல."

"தேங்கா இல்லாம ரொட்டி சுடுறவன இப்பதான் பாக்குறேன்." ஒரு கொழுந்து கிள்ளும் சத்தம் கேட்டது. "மாவும் ஒரு தேங்காயும் கொண்டா. நா சுடுறேன்."

கொண்டுபோனேன். பிறகு பாறையில் இருவரும் உட்கார்ந்தோம், அவர் ஒரு நுனியில், நான் ஒரு நுனியில். முதலில் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பிறகு பார்த்தார். பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுதார். நானும் அழுதேன். காக்கைகள் பக்கத்தில் வந்து நின்றன.

"போங்கடி, இது ஒங்களுக்கில்ல" என்று கையை ஓங்கினார்.

ஆவணி கடைசியில் கேட்டேன்.

"அண்ணி, மழைக்கு முந்தி கீழ வந்துருங்க."

"நா வந்துட்டா இதுகளுக்கு யாரு வைக்கிறது?"

"நம்ம ரெண்டு பேரும் அமாவாசைக்கு அமாவாசை வருவோம். நானே கூட்டிட்டு வாரேன். றிஸாத் ஆட்டோ இருக்கு."

"மழையில பாலத்துக்கு மேல வர முடியாதே."

"அப்ப பாலத்துல வச்சு வைப்போம். அவளுக்குக் குறுக்குப் பாத தெரியும்."

அவர் மண்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிரேசில்காரன ஞாபகம் இருக்கா தம்பி?"

"இருக்கு."

"அவனுக்கு யாரு வச்சான்னு அந்தப் புள்ள கடைசி வரைக்கும் சொல்லல."

"ஒங்களுக்கு நா வைப்பேன் அண்ணி."

ரொட்டியின் பொடியை மடியிலிருந்து தட்டிவிட்டார்.

"உப்புப் போட்டு வையி" என்றார்.

புரட்டாதியில் இறங்கினார். கிராம சேவகர் பாலத்தில் நின்றார், அண்ணி அவர் நெற்றியைப் பார்த்து, "வலிச்சிச்சா?" என்று மட்டும் கேட்டார். றிஸாத் தடிமன் இல்லை என்று காட்ட மூக்கை இழுத்துக் காட்டினான். அண்ணி கொண்டுவந்தது ஒரு சேலை மூட்டையும் ரொட்டிக்கல்லும்தான்.

கீழ் டிவிசனில் எங்களுக்குக் கொடுத்த வீட்டில் இப்போது இருக்கிறோம். சீமெந்துச் சுவர், ஓட்டை கிடையாது. சமையலுக்குக் கேஸ் அடுப்பு. நெருப்பு வட்டமாக, நேராக நிற்கிறது. அமாவாசைக்கு மேலே போய்வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி ரொட்டி சுட்டு இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை என் தட்டில் போடுகிறார்.

அது இன்னும் கருகித்தான் இருக்கிறது.